அவர் பேசவேண்டிய நேரத்தில் நான் பேசினேன்

என் துயரத்தைச் சொல்லிச் சொல்லியே, ஒரு நோயாளி தன் நோயைச் சொல்ல முடியாமல் செய்துவிட்டேன். நான் மருத்துவன். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை... உங்களிடம் சொல்கிறேன்.

நெடுந்தீவுக்கு மாற்றலாகி வந்த முதல் ஆண்டு. மாடு வளர்க்கும் திரேசம்மா அக்கா, கணவர் இறந்தபின் உறக்கமில்லை என்று கிளினிக்குக்கு வந்தார். எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினார். அவரைப் பேசவைக்கத்தான் சொன்னேன்: "எனக்கும் நித்திரை இல்லை அக்கா. என்ரை மனுசி பிள்ளையையும் கூட்டிக்கொண்டு என்னை விட்டுப் போயிட்டா."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். அதுவரை 'ஐயா' என்றவர், "தம்பி, சாப்பிட்டீங்களோ?" என்றார்.

அந்த ஒரு 'தம்பி'யில் விழுந்துபோனேன்!

பிறகு மாதந்தோறும் ஒரு சட்டி தயிரோடு வந்தார். பிரஷர் பார்ப்பேன், மாத்திரை எழுதுவேன். மீதி நேரமெல்லாம் என் விவாகரத்து வழக்கு, என் மகள், என் தனிமை... யார் மருத்துவர், யார் நோயாளி?

ஒருநாள் இடது அக்குளை அழுத்திப் பிடித்திருந்தார்.

"என்னக்கா, நோகுதோ?"

"மாடு இடிச்சுப்போட்டுது தம்பி. அதை விடுங்கோ. பிள்ளை போனிலை கதைச்சவளோ?"

தாதியை அழைத்துச் சோதித்திருக்கலாம். அவ்வளவுதான் வேண்டியிருந்தது! நானோ மகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்...

அடுத்த ஆண்டு, மூச்சுவிட ஏலாமல் அவரைத் தூக்கிவந்த அன்றுதான் மார்புக் கட்டியைக் கண்டேன். படகில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினேன். புற்று எங்கும் பரவியிருந்தது. மூன்று வாரம்தான் உயிரோடு இருந்தார்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்தபின் அவருடைய மகள் வந்தாள்.

"அம்மாவுக்குக் கட்டி இருக்கிறது கனகாலமாத் தெரியும், ஐயா. உங்களிட்டைக் காட்டச் சொல்லி எத்தினை தரம் சொன்னனான்! 'அந்தப் பிள்ளையே நொந்துபோய் இருக்கு, நான் வேறை போய் என்னத்தைச் சொல்லுறது' எண்டிட்டா."

அவள் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு சட்டியை மேசையில் வைத்தாள். "உங்களுக்குத் தயிர் குடுக்க மறக்கக்கூடாதெண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவ."

அக்குளைப் பிடித்திருந்ததைக் கண்டும் சோதிக்காமல் விட்டதை அவளிடமாவது சொன்னேனா? இல்லை...

இன்றும் கிளினிக் நாளில் அவளிடமிருந்து அந்தச் சட்டி வருகிறது. வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்லவேண்டும். ஆகவே வாங்கி உண்கிறேன்.