தலைவருக்குப் போட்ட நாற்காலி

சூடேறிய பெரிய பல்புகளின் வெக்கையில் முகப்பவுடரும் வியர்வையும் கலந்து எழும் வாசனை ஒன்று உண்டு. அது எங்கே மூக்கில் ஏறினாலும் எனக்குப் புதுச்சேரி டவுனில் இருந்த அந்த போட்டோ ஸ்டுடியோவும், கண்ணாடி முன் நின்று கன்னத்தில் பவுடரை அப்பிக்கொண்டிருந்த அப்பாவும்தான் நினைவுக்கு வரும்.

எழுபதுகளின் கடைசி அது. செலியமேட்டில் எங்களுக்குக் கொஞ்சம் நெல்லும் கரும்பும் இருந்தன, அது போதாதென்று அப்பாவுக்கு எம்.எல்.ஏ. ஆசை வந்துவிட்டது. சீட்டு வேண்டுமென்றால் தலைவருக்கு வேண்டியவர் என்று ஊர் நம்ப வேண்டும். தலைவரோ அப்பாவின் பெயரைக்கூடக் கேட்டிருக்கமாட்டார். இதற்கு ஸ்டுடியோவில் ஒரு வழி வைத்திருந்தார்கள். காலி நாற்காலிக்குப் பக்கத்தில் ஆளை நிறுத்திப் படமெடுத்து, வேறொரு படத்திலிருந்து தலைவரைக் கத்தரித்து அதில் உட்காரவைத்து ஒட்டி, ஓரங்களை மையால் பூசி மறைத்து, அதை மறுபடி படமெடுத்துக் கொடுப்பார்கள். "ஒட்டுப்படம்" என்று அதற்குப் பெயர். அடகுக் கடையிலிருந்த அம்மாவின் கம்மலை மீட்க வைத்திருந்த கரும்புப் பணம் அதற்குப் போயிற்று.

கம்மலுக்காக அம்மா வாயே திறக்கவில்லை. ஸ்டுடியோ என்றதும் கூறைப்புடவையைக் கட்டி, தலைநிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு அப்பாவோடு பஸ் ஏறிவிட்டாள். அதுவரை அவளை யாரும் ஒரு படம்கூட எடுத்ததில்லை. அப்பா வேட்டி மடிப்பைச் சரிசெய்து, இடுப்பை வளைத்து, அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக் கும்பிட்டபடி நின்றபோது அவள் மெல்லக் கேட்டாள்:

"ஏங்க, நானும் ஒண்ணு எடுத்துக்கறனே. அந்த நாற்காலில சும்மா குந்திக்கறேன்."

"இன்னாடி வெளையாடறியா? அது தலைவருக்குப் போட்ட நாற்காலி. நீ குந்திட்டா அவர எங்க ஒட்டறது?"

"அம்மாவத் தனியா ஒண்ணு எடுத்துடலாம் சார்" என்றார் ஸ்டுடியோக்காரர், பாவம் பார்த்து.

"அதெல்லாம் ஜெயிச்சப்புறம் பாத்துக்கலாம்பா."

அப்பாவின் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மா பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். திரும்பும் வழியில் பூவைக் கழற்றி என் தலையில் வைத்துவிட்டாள்.

படம் சட்டம் போட்டு வாசல் சுவரில் ஏறிய கொஞ்ச நாளில் தலைவர் கட்சி மாறினார். அப்பா மறுபடி டவுனுக்கு ஓடினார், பழைய படத்திலேயே புதுத் தலைவரை ஒட்டிக்கொண்டு வந்தார். அதே வளைந்த இடுப்பு, அதே சிரிப்பு, உட்கார்ந்திருக்கும் ஆள் மட்டும் வேறு. "அண்ணே, அடுத்தது யாரு குந்தப்போறாங்க?" என்று டீக்கடையில் கேட்டுச் சிரித்தார்கள். சீட்டை ஒரு ரைஸ்மில் முதலாளி வாங்கிக்கொண்டு போனார். அதோடு அப்பா டவுன் பக்கம் போவதையே விட்டார், அம்மாவைப் படமெடுக்கும் பேச்சும் இல்லாமல் போயிற்று.

அடுத்த மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை வந்து அம்மா செத்துப்போனாள். கருமாதிக்கு மாலை போட வீட்டில் அவள் படம் இல்லை. யாரையும் ஒட்டாத அந்த முதல் படம் பெட்டியில் கிடந்தது. அப்பா அதை எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனார்.

"இந்த நாற்காலில என் வூட்டுக்காரிய ஒட்டிக் குடுப்பா. எவ்ளோ கேட்டாலும் தர்றேன்."

"ஒட்டிடலாம் சார். அம்மா படம் ஒண்ணு குடுங்க."

அப்பா அதே பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இன்றும் அது தீரவில்லை, அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். என் பேத்தி நான் சோறு தின்பதைக்கூடப் படமெடுத்து வைக்கிறாள். அந்தக் காலி நாற்காலிப் படம் வில்லியனூரில் என் வீட்டில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள், உங்கள் அப்பா யாரைக் கும்பிடுகிறார் என்று கேட்கிறார்கள். அம்மாவின் முகம் வருஷத்துக்கு வருஷம் எனக்கு மங்கிக்கொண்டே வருகிறது. நாற்காலிதான் நன்றாக ஞாபகமிருக்கிறது.