அம்மாவுக்காக இருமிய நாட்கள்

ஒன்பது வயதில் நான் இருமக் கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தேவை வந்தது, கற்றுக்கொண்டேன்.

இலங்கையில், யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில், பத்து அறைகளை வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில், நாலாவது காம்பராவில் நாங்கள் இருந்தோம். அப்பா, அம்மா, நான், தவழ்கிற தம்பி. காம்பராக்களுக்கு நடுவே இருந்த சுவர்கள் கூரைவரை போகாமல் ஆள் உயரத்தோடு நின்றுவிடும். அடுத்த வீட்டில் மிளகாய் வறுத்தால் எங்கள் வீட்டில் தும்முவோம். எங்கள் வீட்டில் இருமினால் லயத்துக் கோடி வரைக்கும் கேட்கும்.

அம்மா இருமத் தொடங்கியது மழைக்காலத்தில். விடிவதற்குள் எழுந்து ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் எல்லோரும் மழைக்காலத்தில் இருமத்தான் செய்வார்கள். ஆனால் மழை விட்டு, மற்றவர்களின் இருமலும் விட்ட பிறகும் அம்மாவை அது விடவில்லை. சாயங்காலம் ஆனால் உடம்பு சுட்டது. சோற்றைப் பிசைந்து இரண்டு வாய் வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். முதுகு தேய்த்துவிடும்போது தோள்பட்டை எலும்பு என் உள்ளங்கையில் இடித்தது.

எங்கள் லயத்தில் அந்த நோயின் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். 'அந்தச் சீக்கு' என்றுதான் சொல்வார்கள். நான் பிறப்பதற்கு முன்னால் அப்பாவின் அண்ணனுக்கு, அதாவது என் பெரியப்பாவுக்கு, அது வந்திருந்தது. தோட்டத்து லொறியில் ஏற்றித் தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அனுப்பினார்கள். ஒன்றரை வருஷம் அங்கே கட்டிலில் கிடந்து அங்கேயே செத்துப்போனார். பாயையும் கம்பளியையும் கொளுத்தினார்கள். அதற்குப் பிறகு பெரியம்மா பீலிக்குத் தண்ணீர் பிடிக்க வந்தால் மற்ற பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகி நிற்பார்களாம். ஒரு நாள் அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டாள். இந்தக் கதையை எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. சுவருக்கு மேலே இருந்த திறப்பு வழியாகத் துண்டு துண்டாக வந்து சேர்ந்தது.

அதனால்தான் பக்கத்துக் காம்பரா அத்தை ஒரு நாள் பீலியில் என்னை நிறுத்தி, "ஏன்டி, ஒங்க அம்மா என்னா, விடிய விடிய இருமுது?" என்று கேட்டதும் யோசிக்காமல் சொன்னேன்.

"அம்மா இல்லிங்க அத்தே. நான்தான்."

"நீயா?"

"ஆமாங்க." உடனே இருமியும் காட்டினேன்.

பொய்யைச் சொல்லியாகிவிட்டது. இனி அதைக் காப்பாற்ற வேண்டும். அம்மாவுக்கு இருமல் கிளம்பும்போது நெஞ்சுக்குள் ஒரு சின்னக் கரகரப்புக் கேட்கும். அது கேட்டவுடன் நான் முந்திக்கொள்வேன். அவளுடைய இருமலுக்கு மேலே என்னுடையதை ஏற்றிச் சத்தமாக இருமுவேன். தொண்டை புண்ணாகிப் போனது. அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை, எனக்கும் ஒட்டிக்கொண்டதோ என்று பயந்து நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஒரு காலையில், தேங்காய்த் துருவலை அப்படியே கையில் வைத்துக்கொண்டு, என்னை வெகுநேரம் பார்த்தாள். அன்று விளங்கிக்கொண்டாள் என்று நினைக்கிறேன். இருமாதே என்று அவள் சொல்லவில்லை.

அத்தை நல்ல மனசுக்காரி. அதுதான் வினையாகப் போனது. பிள்ளை இப்படி இருமுகிறதே என்று இரங்கி, தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயாவிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

டிஸ்பென்சர் ஐயா ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார், அம்மா கூட்டிப்போனாள். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். முகத்தைச் சுளித்தார். பிறகு மூடி போட்ட சின்ன டப்பி ஒன்றில் என் பெயரை எழுதி அம்மாவின் கையில் கொடுத்தார்.

"காலையில எந்திரிச்சதும், வாய் கொப்புளிக்காம, நெஞ்சுலருந்து காறி இதுல துப்பச் சொல்லு. வெறும் எச்சி ஆகாது. சளிதான் வேணும். டவுனுக்கு அனுப்பி அதுல பூச்சி இருக்கான்னு கண்ணாடியில வச்சுப் பாப்பாங்க."

மறுநாள் காலை அப்பா வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போனதும் நான் அடுப்படியில் உட்கார்ந்து காறினேன். இரண்டு மாதமாக லயத்தையே ஏமாற்றிய இருமல், வேண்டிய நேரத்தில் வெறும் காற்றாக வந்தது. சளி இருந்தால்தானே வரும். டப்பி காலியாகப் போனால், சளியே இல்லாத பிள்ளை ஏன் இருமினாள், யாருக்காக இருமினாள் என்று டிஸ்பென்சர் ஐயா கேட்பார். நான் அழத் தொடங்கினேன்.

"குடு இங்க," என்று அம்மா டப்பியை வாங்கினாள்.

திரும்பி உட்கார்ந்து இருமினாள். மூடியைப் போடுவதற்கு முன் நான் எட்டிப் பார்த்துவிட்டேன். மஞ்சள் சளி. அதில் தையல் நூல் போல ஒரு சிவப்பு.

"யார்கிட்டயும் வாய தெறக்காத," என்றாள்.

எனக்கு உதவி செய்கிறாள் என்றுதான் அன்று நினைத்தேன். வெறும் எச்சிலைத் துப்பி அனுப்பியிருந்தால் பூச்சி இல்லை என்று வந்திருக்கும், எல்லாம் அதோடு முடிந்திருக்கும். அது அம்மாவுக்குத் தெரியாதா? தன் பெயரைக் கொடுக்காமல், தனக்கு அதுதானா என்று தெரிந்துகொள்ள அவளுக்கு வேறு வழி கிடைக்கவில்லை. இதை நான் யோசித்துப் பார்த்ததே என் பிள்ளைக்கு ஒன்பது வயதான பிறகுதான்.

இரண்டு கிழமை கழித்து டிஸ்பென்சர் ஐயாவே ஒரு காகிதத்தோடு லயத்துக்கு வந்தார். அவர் லயத்துக்கு வருவது பிள்ளைப்பேறுக்கும் சாவுக்கும் மட்டும்தான். பூச்சி இருக்கிறது, பிள்ளையை நாளைக்கே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நெஞ்சைப் படம் எடுக்க வேண்டும் என்றார். அப்பா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். டப்பியில் போனது யாருடைய சளி என்று அவருக்குத் தெரியாது. என்னை மடியில் இழுத்துப்போட்டு, தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். பக்கத்துக் காம்பராவில் அத்தை தன் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்துவது கேட்டது.

வாயைத் திறந்தால் அம்மாவைக் கொண்டுபோய்விடுவார்கள். திறக்காவிட்டால் என்னை. 

ஆஸ்பத்திரியில் ஓர் இருட்டு அறைக்குள் சட்டையைக் கழற்றச் சொல்லி, சில்லென்ற ஒரு தகட்டில் என் நெஞ்சை அழுத்தி நிறுத்தினார்கள். மூச்சைப் பிடி என்று சிங்களத்தில் ஒரு குரல் வந்தது. பிடித்தேன். விடச் சொன்னது என் காதில் விழவில்லை. தலை சுற்றிச் சாயப்போனவளை யாரோ பிடித்து வெளியே கொண்டுவந்தார்கள். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கதவோரம் நின்றாள். இருமலை அடக்கி அடக்கி அவள் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது.

டொக்டர் ஒரு சிங்களப் பெண். நரை ஓடிய கொண்டை, மூக்குக்கண்ணாடி. என் படத்தை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். மேசைமேல் இருந்த காகிதத்தைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். படத்தில் ஒன்றுமே இல்லை, சளியிலோ பூச்சி குவியலாக இருக்கிறது, சின்னப் பிள்ளைகளுக்கு இப்படி வருவதே அபூர்வம் என்று பக்கத்தில் நின்ற நேர்ஸிடம் சொன்னார். அந்த அளவுக்குச் சிங்களம் எனக்கு விளங்கும்.

பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"மேக்க காகேத?" இது யாருடையது என்று கேட்டார்.

அம்மா தரையைப் பார்த்தாள்.

"எத்த கியன்ன, அம்மா." உண்மையைச் சொல்லுங்கள்.

அம்மா தலைப்பை இன்னும் இறுக்கி வாயைப் பொத்தினாள். டொக்டர் படத்தைக் கீழே வைத்தார். சரி, அப்படியானால் பிள்ளை இங்கே இருக்கட்டும், இன்றைக்கே ஊசியைத் தொடங்கலாம் என்று நேர்ஸிடம் சொன்னார். அவர் வேண்டுமென்றே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நேர்ஸ் வெந்நீரில் கிடந்த கண்ணாடி ஊசியை இடுக்கியால் எடுத்தாள். என் கையைப் பிடித்தாள். நான் அம்மாவையே பார்த்தேன். 

"மகே!" என்று அம்மா கத்தினாள். "மகே தமய், நோனா!" என்னுடையதுதான், அம்மணி, என்னுடையதுதான்.

அதோடு அவ்வளவு நேரம் அடக்கிவைத்த இருமல் எல்லாம் சேர்ந்து வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, இருமி இருமி, தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்று அவளுக்காக நான் இருமவில்லை.

டொக்டர் ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. கையைக் கொடுத்து எழுப்பி, அம்மாவையும் அந்த இருட்டு அறைக்கு அனுப்பினார். அம்மாவின் படம் வந்ததும் வலது தோளுக்குக் கீழே ஓரிடத்தில் விரலை வைத்து வட்டம் போட்டுக் காட்டினார். எனக்கு அந்த வட்டம் தெரியவில்லை. கறுப்புக்குள் வெள்ளை வெள்ளையாக விலா எலும்புகள்தான் தெரிந்தன. உள்ளே அம்மா ஏற்கெனவே செத்துப்போயிருக்கிறாள், வெளியே இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான் என்று எண்ணிக்கொண்டேன்.

ஆனால் அம்மாவை அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. மருந்துச் சீட்டைக் கொடுத்து வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

மூன்று மாதம் தினமும் தோட்டத்து டிஸ்பென்சரியில் ஊசி, அதன்பிறகும் ஒன்றரை வருஷம் முடியும்வரை மாத்திரை. ஒரு நாளும் தவறக் கூடாது. கொஞ்சம் நன்றாக இருக்கிறதே என்று நிறுத்தவும் கூடாது. டிஸ்பென்சர் ஐயா அப்பாவை உட்காரவைத்து விளக்கியபோது நானும் அருகில் நின்றேன்.

"முந்தி மாதிரி கொண்டுபோயி வருசக்கணக்குல படுக்கப்போட வேண்டியதில்லப்பா. நம்ம இந்தியாவுலயே சோதிச்சுப் பாத்துட்டாங்க. ஆஸ்பத்திரியில வச்சுக் குடுத்தாலும் வீட்டுல வச்சுக் குடுத்தாலும் ஒரே மாதிரிதான் கொணமாகுதாம். மருந்து ஏறஏற மத்தவங்களுக்கும் ஒட்டாது."

"அப்ப எங்க அண்ணனுக்கு ஏங்க அப்புடி?" என்று அப்பா கேட்டார்.

"அது அந்தக் காலத்துலப்பா," என்றார் டிஸ்பென்சர் ஐயா.

அப்பா நம்பினார். நான் நம்பவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புவது எதற்கென்று எனக்குத் தெரியும். மேட்டு லயத்துக் கங்காணியை அந்த வருஷம்தான் அப்படி அனுப்பினார்கள். கையும் காலும் வீங்கிக் கிடந்தார். 'வீக்கம் கண்டுருச்சு, இனி அவ்வளவுதான்' என்று பார்க்க வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். ஐந்தாம் நாள் சாவுத் தப்பு அடித்தார்கள். இனி ஒன்றும் செய்ய முடியாது என்றால் வீட்டுக்கு அனுப்புவார்கள். அம்மாவையும் அதற்குத்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

அந்த மாதங்கள் முழுக்க நான் அம்மாவின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது ஏறி இறங்குகிறதா என்று. ஊசி போட்டுவிட்டு வரும்போது தலை சுற்றுகிறது என்று வழியில் ரப்பர் மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். காதுக்குள் வண்டு கத்துகிறது என்பாள். மாத்திரை விழுங்கினால் குமட்டிக்கொண்டு வரும். மருந்தே அவளைக் கொல்கிறது என்று தோன்றியது. எனக்கும் தம்பிக்கும் முன்காப்பாகச் சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். என்னுடையதை நாக்கடியில் வைத்துக்கொண்டு வெளியே போய்த் துப்பப் பார்த்து, அப்பாவிடம் ஓர் அறை வாங்கினேன். அத்தை கதவைத் திறக்க ஒரு மாதம் ஆனது. அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் முருங்கைக்கீரை ரசத்தை எங்கள் வாசற்படியில் வைத்து, "வச்சிருக்கேன்" என்று குரல் மட்டும் கொடுத்துவிட்டுப் போவாள். உள்ளே வர மாட்டாள்.

நாலாவது மாதமோ ஐந்தாவது மாதமோ, ஒரு லீவு நாள். அம்மா வெயிலில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"இந்தச் சட்டத் தையலக் கொஞ்சம் பிரிச்சு விடு புள்ள. கையே நொழைய மாட்டேங்குது."

நான் ஊக்கை எடுத்துக்கொண்டு போனேன். சட்டைக் கை அவள் புயத்தில் இறுகிச் சதையை வெட்டிக்கொண்டு நின்றது. தொட்டுப் பார்த்தேன். ஊசி தொடங்கியபோது குச்சியாக இருந்த கை. இப்போது பிடித்தால் என் கைக்குள் அடங்கவில்லை. கன்னத்தைப் பார்த்தேன். அதுவும் உப்பியிருந்தது.

"அப்பாகிட்ட கருவாடு வாங்கியாரச் சொல்லணும். வாய் என்னமோ கேக்குது," என்றாள்.

ஒரு வருஷமாக எதையும் கேட்காதவள். கங்காணியும் கடைசி நாளில் எதையோ சாப்பிடக் கேட்டார் என்று சொன்னார்கள்.

ஊக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். பால் ஸ்டோருக்குப் பக்கத்தில் அப்பா விறகு வெட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அம்மா வீங்கிருச்சுப்பா! கை, மொகம், எல்லாம் வீங்கிருச்சு!"

அப்பா கோடரியை விட்டுவிட்டு ஓடி வந்தார். வாசலில் வந்ததும் நின்றார். ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னா, இப்புடி ஓடி வாறீங்க?"

அப்பா கிட்டே போய் அவள் கையைப் பிடித்துப் பார்த்தார். புயத்தை அழுத்திப் பார்த்தார். எலும்பு இடித்த தோளைத் தொட்டுப் பார்த்தார், அங்கே இப்போது சதை இருந்தது. பிறகு வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்து, தலைத்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழத் தொடங்கினார்.

அதற்கு முன்னால் அப்பா அழுது நான் பார்த்ததில்லை. எல்லாம் முடிந்துபோய்விட்டது என்று எனக்கு உறுதியாயிற்று. உள்ளே ஓடி, தூங்கிக்கொண்டிருந்த தம்பியை வாரி எடுத்துக்கொண்டு, லயமே கேட்க நானும் வாய்விட்டு அழுதேன்.