சிவப்பு வயரும் கறுப்பு வயரும்

எங்கள் பக்கத்தில் பழைய கார் வைத்திருப்பவனுக்குப் பேட்டரி முக்கியமில்லை, இறக்கம்தான் முக்கியம். வட்டவளையில் தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்தபோது நான் வாங்கிய கார், காலைக் குளிரில் சாவியைத் திருப்பினால் ஒரு தடவை தொண்டையைச் செருமிவிட்டு அடங்கிவிடும். புதுப் பேட்டரி போட்டுப் பார்த்தேன். இரண்டு மாதத்தில் அதுவும் படுத்தது. வயரிங்கில் எங்கேயோ கரண்டைத் தின்கிறது என்றார் ஹட்டன் மெக்கானிக். எங்கே என்பதைக் கடைசிவரை அவர் சொல்லவில்லை. அதனால் போகிற இடமெல்லாம் காரின் மூக்கு பள்ளத்தைப் பார்க்கிற மாதிரி நிறுத்துவேன். உருளவிட்டு, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டால் உயிர் வந்துவிடும். கல்யாண வீட்டிலும் பந்தியைத் தேடுமுன் இறக்கத்தைத் தேடுகிறவன் நான்.

என் மனைவிக்குக் கண்ணில் அழுத்தம். மாதம் ஒரு தடவை கண்டி ஆஸ்பத்திரி கிளினிக்கில் காட்டி, மருந்தை மாற்றி எழுதி வாங்க வேண்டும். தவறவிட்டால் போன பார்வை திரும்பாது என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். காருக்கு அந்த ஒரு வேலைதான் உண்மையான வேலை. மற்றதெல்லாம் என் பவுசுக்கு.

யுத்தம் மறுபடி சூடுபிடித்த வருடங்கள் அவை. கினிகத்தேனைப் பக்கம், பொல்பிட்டிய மின்நிலையத்துக்குப் பாதை பிரிகிற இடத்தில் ஒரு செக் பாயிண்ட் இருந்தது. மலைநாட்டில் சமதரை கிடைப்பதே அபூர்வம். கிடைத்த ஒன்றிரண்டிலும் செக் பாயிண்ட் போட்டுவிட்டார்கள். அங்கே போனதும் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும்.

ஒரு நாள் மனைவியோடு கிளினிக்குக்குப் போகும்போது நிறுத்தினேன். சிப்பாய் அடையாள அட்டையை வாங்கி, என் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து, போகலாம் என்று கையசைத்தான். சாவியைத் திருப்பினேன். செருமல். இன்னொரு தடவை. அதுவும் இல்லை. செக் பாயிண்டின் நட்டநடுவில் நகராத கார், அதற்குள் வேர்த்து வழிகிற தமிழன். சிப்பாய் இரண்டடி பின்னால் போனான். தோளில் கிடந்த துப்பாக்கி கைக்கு வந்தது. நான் ஆபீசில் சிங்களத்தில் வாய் ஓயாமல் கேலி பேசுகிறவன். அந்த நிமிடத்தில் ஒரு சொல் வரவில்லை. இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். யாரும் தூக்கச் சொல்லவில்லை.

"கைய எறக்குங்க மொதல்ல," என்றாள் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு. "அவங்களத் தள்ளச் சொல்லுங்க."

"தள்ளு, தள்ளு," என்றேன். தமிழில்தான் சொன்னேன். நல்லகாலம், சிங்களத்திலும் அது 'தல்லு'தான். துப்பாக்கியை முதுகுக்குத் தள்ளிவிட்டு மூன்று சிப்பாய்கள் காரையும் தள்ளிவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அடுத்த வாரம் ஹட்டனில் ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் அந்தப் பெட்டியைப் பார்த்தேன்.

"ஜம்ப் ஸ்டார்ட் பெட்டிங்க," என்றார் முதலாளி. "வீட்டுல சார்ஜ் பண்ணி டிக்கியில போட்டுக்கங்க. பேட்டரி படுத்திச்சின்னா ரெண்டு கிளிப்பையும் மாட்டிச் சாவியத் திருப்புங்க. தள்ள ஆள் தேட வேணாம்."

ஒரு பொத்தானை அமுக்கினார். சிவப்பு லைட் விட்டுவிட்டு எரிந்தது. இன்னொன்றை அமுக்கினார். பீப், பீப் என்றது. பக்கவாட்டில் சிவப்பு வயர் ஒன்று, கறுப்பு வயர் ஒன்று.

"இந்தச் சத்தத்த எடுத்துட்டுத் தர ஏலுமா?" என்று கேட்டேன்.

"ஏங்க?"

"லைட்டையும். அந்த ரெண்டு வயரையும்."

"அப்ப வெறும் பெட்டிதானே மிஞ்சும்?"

"அதுதான் எனக்குத் தோது."

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். அவரும் சரக்கெடுக்க அந்த ரோட்டில் போய்வருகிறவர். சட்டென்று சிரிப்பை நிறுத்தி, வயரைச் சுருட்டி உள்ளே வைத்தார். "யோசிச்சிட்டே வாங்க," என்றார்.

வீட்டில் யோசனையை நாடகமாகவே போட்டோம். மேசையில் பிஸ்கட் டின் ஒன்றை வைத்தேன், அதுதான் பெட்டி. மனைவிதான் ஆமிக்காரன், சிங்களத்திலேயே ஆரம்பித்தாள்.

"மேக்க மொகத்த? என்னா இது?"

"பேட்டரி சேர்."

"எதுக்கு?"

"காருக்கு சேர்."

"கார்ல ஒன்னு இருக்குல்ல?"

"அது சரியில்ல சேர்."

"சரியில்லாத காரையா இம்புட்டுத் தூரம் ஓட்டிக்கிட்டு வந்த? சரி, இது என்னா பொத்தான்?"

"அத மட்டும் அமுக்காதீங்க சேர்."

"எறங்குடா கீழ."

மூன்று தடவை நடித்துப் பார்த்தோம். மூன்று தடவையும் குண்டு கொண்டுவந்தவன் என்று என்னைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். முதல் தடவை இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். மூன்றாவது தடவை அவள் டின்னை எடுத்து அலுமாரியில் வைத்தாள்.

"வாங்குங்க," என்றாள். "நான் பக்கத்துல இருப்பேன்ல. நான் பேசிக்கிறேன். எனக்கு வாய் அடைக்காது."

அது உண்மை. அவள் பேசியிருப்பாள், அவர்களும் கேட்டிருப்பார்கள். ஆனால் என் தலைக்குள் அந்தப் பெட்டி எப்போதோ பீப் பீப் என்று அடிக்க ஆரம்பித்துவிட்டது. இரண்டு கிழமை கழித்துக் கடைக்குப் போனேன்.

"எடுத்து வைக்கவா?" என்றார் முதலாளி.

"வேணாங்க. நெறம் புடிக்கல."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கேலி இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு கார் வீட்டிலேயே நின்றது, கிளினிக்குக்குப் பஸ். விடியுமுன் ஹட்டன் போய் ஏறினாலும் செக் பாயிண்டில் எல்லாரையும் இறக்கி நடக்கவிட்டு, அந்தப் பக்கம் ஏற்றுவார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் கிளினிக்கில் அன்றைய நம்பர் கொடுத்து முடிந்திருக்கும். இரண்டு தடவை வெறுங்கையோடு திரும்பினோம். மூன்றாவது மாதம், டாக்டர் எழுதிய பழைய மருந்துத் துண்டைக் காட்டி ஹட்டனிலேயே சொட்டு மருந்து வாங்கிக்கொள்ளலாம் என்றேன். அவள் சரி என்றாள். ஐந்து மாதம் அப்படியே போயிற்று.

மறுபடி நம்பர் கிடைத்த அன்று டாக்டர் இடது கண்ணுக்குள் நெடுநேரம் பார்த்தார். "ஏன் இவ்வளவு நாள் வரல்ல?" என்று என்னைக் கேட்டார்.

"வாகனக் கோளாறு டாக்டர்," என்றேன்.

அவர் துண்டில் ஏதோ எழுதினார். எழுதி முடித்து, இனி வலது கண்ணையாவது காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்போம் என்றார்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது அவள் என் முழங்கையைப் பிடித்திருந்தாள். "பயம்னு சொல்லியிருக்கலாம்ல," என்றாள்.

"டாக்டர்கிட்டயா?"

"என்கிட்டயாவது."

"ஒனக்குத்தான் தெரியுமே. நீதான என்ன மூணு தடவ புடிச்சிக்கிட்டுப் போன."

அதற்கு அவள் சிரிக்கவில்லை. தூரத்தில் பஸ் ஒன்று திரும்பியது. அது ஹட்டன் பஸ்ஸா, நாவலப்பிட்டி பஸ்ஸா, போர்டைப் படித்துச் சொல்லுங்க என்றாள்.