குளிர்மேல் போட்ட பழி

புஷ்பமலர் யாரையும் எளிதில் நம்பமாட்டார். கேள்வி கேட்க வருகிறவர்களை நம்பவே மாட்டார்.

ஒஸ்லோவின் ஓரத்தில் வெஸ்ட்லியில், மெட்ரோ போய் முடியும் இடத்துக்கு மேலே, ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் அவர் வீடு. ஒஸ்லோத் தமிழர்களின் கொண்டாட்டங்களில் பாதி அந்தச் சமையலறையில்தான் உருவாகிறது. பிறந்தநாள், சாமத்தியவீடு, கலைவிழா எதுவானாலும் புஷ்பமலரக்காவின் மட்டன் ரோல்ஸ் இருக்க வேண்டும். நோர்வேயின் வடகோடியில், பின்மார்க்கில் மீன் வெட்டித் தேய்ந்த மணிக்கட்டுகளால் இனித் தொழிற்சாலை வேலை செய்ய முடியாது. ரோல்ஸ்தான் அவருக்கு வருமானம், மரியாதை, நாலு பேரோடு பழகும் வழி. ஆனால் தான் பிறந்த இடம் எதுவென்று தெரிந்துவிட்டால் வாங்குகிறவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிடுவார்கள் என்று அவர் பயந்தார். அது வீண் பயமென்று சொல்ல யாரும் இல்லை. ஏனென்றால் ஒருமுறை அது நடந்திருக்கிறது.

இப்படிப்பட்டவரிடம்தான் சுபத்ரா வந்தாள். திருச்சிப் பக்கத்துப் பெண். நோர்வேயின் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில், ஆர்க்டிக் பகுதியின் வாழ்க்கையையும் கல்வியையும் சமூகத்தையும் பற்றிய ஆய்வில் வேலை. ஒரு காலத்தில் பின்மார்க்கின் மீன்பிடி ஊர்களில் தமிழ்ப் பிள்ளைகளால் பள்ளிக்கூடங்கள் நிறைந்திருந்தன. பிறகு அந்தக் குடும்பங்கள் தெற்கே வந்துவிட்டன. ஏன் வந்தன என்பதுதான் அவளுடைய கேள்வி.

சுபத்ரா போனை எடுத்து, மாத்தட்டுக்கும் ரஸ்க் தூளுக்கும் நடுவே ஒலிப்பதிவுக்கு வைத்தாள்.

"ஆர் உமக்கு என்ரை நம்பர் தந்தது?"

"சிவானந்தன் சார்தாம்மா. ஹவுகெட்டோல இருக்காரே, அவரு."

"சாரோ!" என்றார் புஷ்பமலர். ரோல்ஸை முட்டையில் தோய்த்த கை ஒரு கணம் நின்றது. "என்னவாம் உங்கடை சார்?"

"நீங்க நல்லாப் பேசுவீங்கன்னு சொன்னாரு. குளிரைப் பத்தி விவரமாச் சொல்வீங்களாம்."

புஷ்பமலருக்கு எல்லாம் விளங்கியதுபோல் இருந்தது. சிவானந்தன் தொர்ஸ்க்நெஸ் என்ற அந்த மீன்பிடி ஊரில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை நடத்தியவர். இன்று ஒஸ்லோவின் இன்னொரு பக்கத்தில், ஹவுகெட்டோவில் கலைவிழா நடத்துகிறார். நாளைய விழாவுக்கும் ரோல்ஸ் சொல்லியிருந்தார். விழாக்களில் அவர் புஷ்பமலரின் ரோல்ஸை மட்டும் தொடமாட்டார். "எனக்குச் சீனி வருத்தம்" என்று நீரிழிவைச் சொல்வார். ரோல்ஸில் சீனி இல்லை. அடுத்த மேசையில் கேக் வெட்டினால் முதல் துண்டு அவருக்குத்தான். இதைப் பல வருடங்களாகப் புஷ்பமலர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தொர்ஸ்க்நெஸ்ஸின் மற்றக் குடும்பங்கள் வேறு நகரங்களுக்குப் போய்விட்டன. அவர் ஒருவருக்குத்தான் ஒஸ்லோவில் தன் இடம் தெரியும், அதை அவர் கையிலிருக்கும் கயிறுபோல வைத்திருக்கிறார் என்பது புஷ்பமலரின் முடிவு. கயிறு இன்னும் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்தப் பிள்ளையை அனுப்பியிருக்கிறார்.

"குளிர்தான்" என்றார். "இரண்டு மாசம் சூரியனே இல்லை. காத்து ஆளைத் தூக்கும். எழுதும்."

"எல்லாருமே இதைத்தான் சொல்றாங்க."

"அப்ப அது உண்மையாய்த்தானே இருக்கும்."

சுபத்ரா தலையாட்டினாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள். "ஊர்ல நீங்க எந்த இடம்மா?"

"யாழ்ப்பாணம்."

"யாழ்ப்பாணத்துல எங்க?"

"ரவுணுக்குக் கிட்ட."

"எந்தக் கோயிலுக்குப் பக்கத்துல?"

புஷ்பமலர் அடுப்பைத் தணித்தார்.

இந்தக் கேள்வியைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தான் இன்னொருவனிடம் சாதி கேட்கமாட்டான். அவ்வளவு நாகரிகமானவன். எந்த இடம் என்று கேட்பான், எந்தக் கோவிலடி என்று கேட்பான், ஆற்றை பிள்ளை, அதாவது யாருடைய பிள்ளை, என்று கேட்பான். மூன்றாவது பதில் வருவதற்குள் எதிரே நிற்பவரை எந்தக் கதிரையில் இருத்தலாம், அவர் கையால் தண்ணீர் குடிக்கலாமா என்றெல்லாம் முடிவாகிவிடும். சாதி என்ற சொல் வாயில் வராததால் வாய் சுத்தம். குண்டுக்குத் தப்பிக் கடல் கடந்து வந்தவர்கள், உடுத்த உடுப்போடு வந்தவர்கள், இந்தக் கேள்வியை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்துவிட்டார்கள். பெயரைப் பார்த்து நோர்வேக்காரன் வேலை தர மறுத்தால் நாங்கள் பதாகை பிடிக்கிறோம். அந்தப் பதாகையைப் பிடிக்கிற கைகள் யாருடைய வடையைத் தொடமாட்டா என்று எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை.

புஷ்பமலர் பேச்சை மாற்றினார். பொரித்த ரோல்ஸ் ஒன்றைத் தட்டில் வைத்து நீட்டினார். "முதல்லை சாப்பிடும்."

"ஐயோ, வேணாம்மா."

அதுவும் சரியாகப் பொருந்தியது. சிவானந்தன் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். புஷ்பமலர் தட்டை நீட்டியபடியே நின்றார். "ஏன் பிள்ளை, நீர் சைவமோ?"

சுபத்ராவின் முகம் இறுகியது. போனைப் பைக்குள் போடப்போகிறவள்போல் கையில் எடுத்தாள்.

"எதுக்குக் கேக்குறீங்க?"

"சும்மா கேட்டனான்."

"சும்மா யாரும் கேக்க மாட்டாங்கம்மா. சென்னையில வீடு தேடி அலைஞ்சேன். எல்லா வீட்டுக்காரங்களும் முதல்ல கேக்குறது இதுதான். 'நீங்க வெஜ்ஜா?' என்ன சாதின்னு கேக்க அவங்களுக்குக் கூச்சம். நான் எல்லாம் சாப்பிடுற வீட்டுப் பொண்ணு. மாடும் சாப்பிடுவோம். வேற ஏதாவது தெரியணுமா?"

புஷ்பமலர் தட்டை மேசையில் வைத்தார்.

"அப்ப ரோல்ஸ் ஏன் வேண்டாம் எண்டனீர்?"

"ஆர்டருக்குச் செஞ்சு வச்சிருக்கீங்க. ஒண்ணு எடுத்தா குறைஞ்சிடுமேன்னு."

புஷ்பமலர் சிரிக்கத் தொடங்கினார். ரஸ்க் தூள் கையோடு கதிரையில் இருந்து, கண்ணீர் வரும்வரை சிரித்தார். "அட கடவுளே! உம்மை நான் பெரிய வீட்டுப் பிள்ளை எண்டு நினைச்சன். சிவானந்தன் என்னைப் பிடிக்க ஆள் அனுப்பியிருக்கிறார் எண்டு நினைச்சன்!"

"எதுக்கும்மா உங்களைப் பிடிக்கணும்?"

"எந்தக் கோயிலடி எண்டு கேட்டீர் எல்லோ? அதுக்கு."

"அது மேப்ல ஒரு புள்ளி வைக்கம்மா. எந்த ஊர்லருந்து எங்க போனாங்கன்னு."

"அந்தப் புள்ளி எங்களிட்டை ஆளைக் கொல்லும் பிள்ளை."

சுபத்ராவுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அவள் ரோல்ஸை எடுத்துக் கடித்தாள். பிறகு புஷ்பமலர் கதைத்தார்.

தொர்ஸ்க்நெஸ் ஊருக்குப் புஷ்பமலர் வந்தபோது அங்கிருந்த தமிழர்கள் எல்லோரும் ஒரே தொழிற்சாலையில் ஒரே வெள்ளை அங்கியும் ரப்பர் சப்பாத்தும் போட்டு மீன் வெட்டினார்கள். எல்லோரும் ஒரே மணம் மணந்தார்கள். அந்தச் சில வருடங்களைப் போல நிம்மதியாக அவர் எங்கும் இருந்ததில்லை. பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக ஒருவர் வந்தார். எந்த இடம் என்று கேட்டார். பதில் தெரிந்த அந்த மாதமே சரஸ்வதி பூசை வந்தது. பள்ளிக்கூட மண்டபத்துக்குப் புஷ்பமலர் கொண்டுபோன வடைத்தட்டு, மூடிய துணிகூடக் கலையாமல் திரும்பி வந்தது. வகுப்பை நடத்திய சிவானந்தன்தான் அதை வாசல்வரை கொண்டுவந்து கொடுத்தார். "சாப்பாடு கூடிப்போச்சு, தங்கச்சி" என்றார்.

மகள் சோபிகாவுக்கு அப்போது ஏழு வயது. தமிழ் வகுப்பில் பக்கத்தில் இருந்த பிள்ளையை வேறு வரிசை வாங்குக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, "அம்மா, நான் மீன் மணக்கிறனா?" என்று கேட்டாள். சனிக்கிழமைகளில் இரண்டுதரம் தலை முழுகத் தொடங்கினாள். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளின் தாய்தகப்பனும் அதே மீனைத்தான் வெட்டினார்கள் என்பது ஏழு வயதுக்குத் தோன்றவில்லை.

நோர்வேப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை நல்ல மனுசி. ஊரை விட்டு ஏன் போகிறீர்கள், பிள்ளை நன்றாகப் படிக்கிறாளே என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அந்த மனுசிக்கு எதை, எந்த மொழியில் சொல்வது? குளிர் என்றார் புஷ்பமலர். ஆசிரியைக்குக் கவலை. அடுத்த குடும்பமாவது போகாமல் இருக்கட்டும் என்று பிள்ளைகளுக்குக் கம்பளிக் கையுறை பின்னிக் கொடுத்தாராம்.

"அந்தக் குளிர் என்ன பாவம் செய்தது?" என்றார் புஷ்பமலர். "எங்கடை ஊத்தை எல்லாத்தையும் அதின்ரை தலையிலை கட்டிப்போட்டு வந்திட்டம்."

மகள் இன்று துரொண்ட்ஹெய்ம் நகரில் பல் வைத்தியர். தமிழ் கதைக்கமாட்டாள். கேட்டால் தெரியாது என்பாள்.

சுபத்ரா மெல்லச் சொன்னாள். "உங்க பேர் எங்கேயும் வராதும்மா. உங்க ஊர் வராது. 'ஒரு பெண் சொன்னார்'னு மட்டும் எழுதுவேன். யாருக்கும் தெரியாது."

"அப்பிடி எழுதினால் சிவானந்தன் வாசிச்சிட்டு, 'ஐயோ பாவம், ஆரோ ஒரு பொம்பிளை' எண்டுவார்." புஷ்பமலர் எழுந்து அடுப்பைக் கூட்டினார். "என்ரை இடத்தைப் போடாதையும். நான் பிறந்த இடத்திலை என்ன பிழை? தட்டு திரும்பி வந்த இடத்தைப் போடும். தொர்ஸ்க்நெஸ் எண்டு போடும். உம்மடை புள்ளியை அங்கை வையும்."

"அப்படிப் போட்டா, நீங்க அங்க இருந்தீங்கன்னு தெரிஞ்ச இந்த ஊர்க்காரங்களுக்கு அது நீங்கதான்னு புரிஞ்சிடுமே. உங்க ஆர்டரெல்லாம்?"

புஷ்பமலர் பதில் சொல்ல முன் அவருடைய போன் அடித்தது. கையெல்லாம் முட்டை. மடக்கிய விரலால் தட்டி, ஸ்பீக்கரில் போட்டு வைத்தார்.

"புஷ்பமலர், நான் சிவானந்தன். நாளையான் அலுவல் எல்லாம் சரிதானே? அந்த இந்தியாப் பிள்ளை வந்ததோ?"

"ஓம் அண்ணை. இஞ்சைதான் இருக்குது. உங்களைச் சார் எண்டு சொல்லுது."

அந்தப் பக்கம் சிரிப்பு. "என்ன கேட்டது?"

"ஏன் அங்கையிருந்து வந்தனீங்கள் எண்டு கேட்டது. சொன்னனான்."

"குளிர்தானே?"

"இல்லை, அண்ணை. வடைத்தட்டு."

சிரிப்பு நின்றது. தொலைக்காட்சியில் ஓடிய கால்பந்தின் சத்தத்தை அவர் குறைத்தார்.

"உதெல்லாம் பழைய கதை, புஷ்பமலர். இப்ப ஏன் அதை... நான் ஆருக்கும் சொல்லேல்லை. உமக்குத் தெரியும்தானே? இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் வாய் திறக்கேல்லை."

"தெரியும். அதுதான் நானே சொல்லிப்போட்டன். உங்களுக்கு இனிப் பாரம் இல்லை. நாளைக்கு ரோல்ஸ் வேணுமோ, வேண்டாமோ?"

"அது... மனுசியோடை ஒருக்கால் கதைச்சிட்டுச் சொல்லுறன்."

போன் வைக்கப்பட்டது. சுபத்ரா, அடுக்கி வைத்திருந்த, இன்னும் பொரிக்காத ரோல்ஸ்களைப் பார்த்தாள். மேசை நிறைய இருந்தன.

"இப்ப என்னம்மா பண்ணப்போறீங்க?"

புஷ்பமலர் அடுத்த ரோல்ஸை முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளில் உருட்டி, எண்ணெயில் விட்டார்.

"நான் பொரிக்கிறன். நாளைக்கு நானே கொண்டுபோய் மேசையிலை வைக்கிறன். நீரும் வாரும். தட்டு திரும்பி வந்தால் அதையும் எழுதும்."