பூனைக்குத் தெரிந்த பெட்டி

குற்றமற்ற ஒருவனைத் திருடனாக்கியவன் நான். சிராங்கூன் சாலைத் துணிக்கடை ஒன்றில் அப்போது கணக்கப்பிள்ளையாக இருந்தேன். பட்டுக்கட்டு ஒன்று காணாமல் போனது. சாவி என்னிடம் இருந்ததால், பழி என்மேல் விழுமோ என்று பயந்தேன்.

"திருடனைக் கடைப்பூனை காட்டும்" என்று சொல்லி, எல்லாருடைய பெயரையும் தரையில் எழுதினேன். ஒவ்வொரு பெயரைச் சுற்றியும் சுண்ணாம்பால் நான்கு மூலைகள், வெளிநோக்கித் திரும்பியபடி, வரைந்தேன். மூட்டை தூக்கும் வேலுவின் பெயருக்கு மட்டும் மூலைகளை உள்நோக்கி வைத்தேன். இடையில் கோடில்லாவிட்டாலும் அது பூனைக்குப் பெட்டியாகத் தெரியும், உள்ளே போய் உட்காரும் என்பதை முன்பே கவனித்திருந்தேன். பூனை நேராகப் போய் அங்கே உட்கார்ந்தது.

"நான் எடுக்கல, முதலாளி!"

"வாயில்லா ஜீவனுக்கு உன்மேல என்னடா பகை? போயிரு."

சில வாரங்களுக்குமேல் தாங்க முடியவில்லை. எல்லார் முன்னிலையிலும் என் பெயரைச் சுற்றி அதேபோல் வரைந்தேன். பூனை வந்து உட்கார்ந்தது.

முதலாளி என்னையே பார்த்தார். "தெரிஞ்சேதான் செஞ்சீங்களா, கணக்கப்பிள்ளை? சாவிய வச்சிட்டுப் போங்க."

துறைமுகத்தில் வேலுவைக் கண்டுபிடித்து, முதலாளி உண்மையை அறிந்துவிட்டதைச் சொன்னேன்.

"திருடன்கூட வாழ வேணாம்னு என் பொண்டாட்டிய அவ அண்ணன் கப்பலேத்தி ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். அங்க எந்தப் பூனையக் கொண்டுபோய்க் காட்டுவீங்க?"

அந்த அண்ணனுக்கு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு எழுதினேன். பதில் வரவில்லை. மறுபடியும் எழுதினேன். வேலு கடைசிவரை தனியாகவே இருந்தான்.