ஓய்வறை ஜன்னலோரப் படிக்கட்டு

பிள்ளைகளா, பரீட்சை வந்துவிட்டால் நீங்கள் இருவரும் வீட்டில் இடம் பிடிக்கச் சண்டை போடுகிறீர்கள். ஒருத்திக்கு மொட்டை மாடிதான் வேண்டும். ஒருவனுக்கு ரேடியோ பக்கத்தில்தான் பாடம் ஏறும். யார் எங்கே உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று பார்த்தாலே ஆள் எப்படி என்று சொல்லிவிடலாம். நான் அரியலூர்க் கல்லூரியில் பி.யூ.சி. படித்த ஒரு வருடத்தில் கற்றது அதுதான்.

எங்கள் வகுப்பில் முதலாவதாக வருகிறவன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், சுவரைப் பார்த்து உட்காருவான். கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான். எனக்கு நெருங்கிய சிநேகிதன் ஒருவன் சைக்கிள் ஸ்டாண்டு ஓரப் புளியமரத்தடியைப் பிடித்துக்கொண்டான். முகத்தின் மேல் புத்தகத்தை விரித்துப் போட்டுத் தூங்குவான். கேட்டால், "மனசுக்குள்ள ஓட்டிப் பாக்குறேன்டா" என்பான்.

நான் பிடித்த இடம் பெண்கள் ஓய்வறை ஜன்னலை ஒட்டிய படிக்கட்டு. காற்று நன்றாக வரும் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அங்கே உட்கார்ந்து சரித்திரப் பாடத்தை வாய்விட்டுப் படிப்பேன். என் குரல் கணீரென்று இருக்கும். சண்டை வருகிற பாடங்கள் அதற்கு ரொம்பவும் பொருத்தம். யானைப்படை, குதிரைப்படை என்று நான் இழுக்கும்போது உள்ளே பேச்சு நின்றுவிடும். எனக்குத் தலைகால் புரியாது.

சரித்திரத்தில்தான் நான் மோசம். பாஸானால் மாமா கூட்டுறவுக் கடையில் எழுத்தர் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். பெயிலானால் சுண்ணாம்புக்கல் லாரியில் லோடு ஏற்றப் போக வேண்டும் என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். அப்படியிருந்தும் நாலாவது பாடத்தை நான் தொடவே இல்லை. அதில் வரும் வெளிநாட்டு ராஜாக்களின் பெயர்கள் நாக்கைச் சுளுக்கிவிடும். பெண்கள் காதில் விழும்படி அதை எப்படிப் படிப்பது?

ஒரு நாள் உள்ளேயிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். ஜெயங்கொண்டத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

"அண்ணே," என்றாள்.

அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"நாங்க அஞ்சு பேரு, ஒரே புஸ்தகம். அதையும் ஒருத்தி ஊருக்கு எடுத்துட்டுப் போயிட்டா. நீங்க படிக்கிறதக் கேட்டுத்தாங்க படிக்கிறோம். சண்டையவே திரும்பத் திரும்பப் படிக்கிறீங்களே, நாலாவது பாடம் எப்பங்க?"

"அதுவா... நாளைக்கு வச்சிருக்கேன்."

"காலையிலயே வந்துடுங்கண்ணே. மத்தியானம் எங்களுக்கு பஸ்ஸு."

புளியமரத்தடிக்காரன் அன்று தூங்கவில்லை. "ஊருல இல்லாத இடமாப் புடிச்சுப் போயி, கடைசியில அண்ணனாயிட்டு வந்திருக்கியேடா" என்றான்.

சாயங்காலம் செந்துறை பஸ்ஸில் நின்றுகொண்டே அந்தப் பெயர்களை முணுமுணுத்தேன். கண்டக்டர், "என்ன தம்பி, மந்திரமா? சில்லறைய எடுத்துட்டுச் சொல்லு" என்றார்.

மறுநாள் காலையில் நாலாவது பாடம். இரண்டாவது ராஜாவிடமே தடுக்கி விழுந்தேன். உள்ளே சிரிப்பு. அப்புறம் அதே குரல்: "அந்தப் பேர இன்னொரு தரம் சொல்லுங்கண்ணே." சொன்னேன். "யாருக்கு மவன் அவரு?" எனக்கே தெரியவில்லை. பக்கத்தைத் திருப்பித் தேடிச் சொன்னேன். பரீட்சை வரை இப்படியே நடந்தது. அவர்கள் கேட்பார்கள், நான் தேடுவேன். தேடித் தேடி, அந்த ராஜாக்கள் என் பங்காளிகள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

பரீட்சையில் பெரிய கேள்வியே நாலாவது பாடத்திலிருந்துதான் வந்தது.

ரிசல்ட் ஒட்டிய அன்று பலகையைச் சுற்றி ஒரே நெரிசல். அந்த ஐந்து பெண்களும் பாஸ். தண்ணீர்த் தொட்டிக்காரன் முதலாவது. என் நம்பரும் இருந்தது. எல்லோரும் பஸ் பிடிக்கப் போகும்வரை ஓரமாக நின்றேன். யாரும் இல்லை என்று தெரிந்த பிறகு பலகைக்கு முன்னால் வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, என் நம்பரைக் கணீரென்று ஒரு தரம் படித்தேன்.