கடித்துப் பார்த்து வாங்குங்கள்

அவளைக் கத்திரி என்று கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் அவள் கையைச் சொன்னார்கள், மீதிப் பேர் வாயை. கைப்பை தைக்கும் பட்டறையில் பத்தொன்பது வருடமாகத் தோல் வெட்டுகிறவள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், வந்தவர்கள் எல்லாருமே கொஞ்சம் அளவு தப்பு என்று சொல்லி அனுப்பிவிடுவாள். தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய ஒரே பெண் குழந்தை, இவர்களோடு மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீட்டில் இருந்தாள்.

குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குத் தம்பியின் மேலாளர் மனைவியோடு வந்தார். அவர் உட்காரப்போகும் நாற்காலியைத் தம்பி காலையிலிருந்து துடைத்துக்கொண்டிருந்தான். மேலாளர் ஒரு பெட்டியை நீட்டினார். உள்ளே இளஞ்சிவப்பு ஷூ. அடி வைத்தால் கீச்சென்று கத்தும், குதிகாலில் விளக்கு எரியும். தம்பி மனைவி அதை அங்கேயே மாட்டிவிட்டாள். குழந்தை இரண்டடி வைத்தது. மூன்றாவது அடியில் ஷூ மடங்க மாட்டேன் என்றது. குழந்தை குப்புற விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

கத்திரி மட்டும் தட்டவில்லை. ஒரு ஷூவைக் கழற்றி முகர்ந்தாள், வளைத்தாள். விறைப்பில் பலகை தோற்றது. அடுப்படிக்குப் போய்க் கத்தியோடு வந்து, மேலாளர் கண் முன்னாலேயே அதன் அடிப்பாகத்தைப் பிளந்தாள். உள்ளே அட்டை, நுரைப்பஞ்சு, குட்டி பேட்டரி, கெட்டியான மஞ்சள் பசை. அதன் நெடி அறையெல்லாம் பரவியது.

"இதைத்தான் இவ நாளெல்லாம் வாயில வெச்சு சப்பப் போறா," என்றாள்.

மானமும் பதவி உயர்வும் ஒரே கப்பலில் ஏறிப் போவதைத் தம்பி கண்ணாரக் கண்டான்.

மேலாளர் அந்த அட்டையை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு குனிந்து தன் வலது ஷூவைக் கழற்றினார். சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறிக் குந்தியிருந்தது.

"எட்டு மாசமா உயிர் போகுதும்மா. இதையும் அறுத்துப் பாருங்களேன்."

அறுத்தாள். அதிலும் அட்டைதான். அவர் தம்பியின் ரப்பர் செருப்பை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு மூன்று மாடியும் இறங்கினார். மனைவி பத்துப் படி பின்னால், யாரோ எவரோ போல வந்தார்.

தம்பி மூன்று வாரம் அக்காவோடு பேசவில்லை. தம்பி மனைவிக்குப் பேசாமல் இருக்க வராது.

"அறுக்கத் தெரியுதுல்ல அண்ணி? அப்ப தைச்சும் குடுங்க. புள்ள வெறுங்காலோட தெருவுல நிக்குது."

கத்திரிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மரப்பட்டைச் சாற்றில் பதப்படுத்திய மெல்லிய ஆட்டுத்தோல் பட்டறையில் துண்டு துண்டாக மிஞ்சும். அதில் ஒன்றை எடுத்து முதலில் தானே வாயில் போட்டு மென்றாள். மதியச் சாப்பாடு போதவில்லையா என்று முதலாளி விசாரித்தார். சாயம் நாக்கில் ஒட்டவில்லை, வயிறும் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தை பகலில் தூங்கும்போது பாதத்தைக் காகிதத்தில் வரைந்துகொண்டாள். விழித்திருக்கும்போது வரையப் போய் மூக்கில் உதை வாங்கியது முந்தின நாள். பசை கிடையாது, பருத்தி நூல் தையல்தான். உள்ளே பழைய பருத்தித் துணி. விரல்கள் விரிய முன்பக்கத்தை வாத்துக்கால் மாதிரி அகலமாக விட்டாள்.

முதல் ஜோடி கழன்று விழுந்தது. இரண்டாவதைக் குழந்தை வாளித் தண்ணீரில் போட்டது; காய்ந்ததும் விறகாக விறைத்துவிட்டது. மூன்றாவது நின்றது. அதைப் போட்டுக்கொண்டு குழந்தை கூடத்தைக் கடந்து போய்த் தம்பியின் காலைக் கட்டிக்கொண்டது. அவன் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பாக்க அசிங்கமாத்தான் இருக்கு. ஆனா விழல," என்றான். மூன்று வாரத்தில் அவன் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது.

கீழ்வீட்டுக்காரி கேட்டாள், பிறகு அவள் தங்கை கேட்டாள். ஆறே மாதத்தில் தம்பி மனைவி தானாகவே வியாபாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். வாங்க வந்தவர்களிடம் கத்திரி சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: இரண்டாக மடித்துப் பார், முகர்ந்து பார், கடித்துப் பார். கடிக்கக் கூசுகிற பொருளைப் பிள்ளை காலில் மாட்டாதே. வீட்டுக்குள்ளே அதுவும் வேண்டாம், வெறுங்கால் போதும். நன்றாக உடுத்திய பெண்கள் வாசலில் நின்று தோலைக் கடிப்பதை மாடிப்படியில் போகிறவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

போன வாரம் ஒருத்தி ஆறு மாதக் கைக்குழந்தையோடு வந்து, ஷூவுக்குக் குட்டியாகக் குதிகால் வைத்துத் தரச்சொன்னாள். தம்பி மனைவி சரி என்று தலையாட்டுவதற்குள் கத்திரி வாயைத் திறந்துவிட்டாள்.

"நிக்கவே தெரியாத புள்ளைக்கு எதுக்கும்மா உயரம்? யாரை எட்டிப் பாக்கப் போகுது?"

வந்தவள் படியிறங்கிவிட்டாள். வீடு தேடி வந்த ஆளை விரட்டினால் எப்படிப் பிழைப்பது என்று தம்பி மனைவி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் இரட்டைக் குழந்தைகளுக்கு நாலு ஜோடி கேட்டு ஆள் வந்தது. கத்திரியும் தம்பி மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஒருத்தி வெட்ட, ஒருத்தி நூல் கோத்தாள்.